பறிகொடுத்தவர்கள்

சில மாதங்களுக்கு முன் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் செல்லும் வீதியை ஒட்டிய தோட்டமொன்றில் ஓர் இழவு வீட்டுக்குச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் கட்டியிருந்த அனுதாபப் பதாகையின் அடியில், குடும்பத்தாரைக் குறித்து ஆங்கிலத்தில் 'பிரீவ்ட்' என்று ஒரு சொல். மரண அறிவித்தல்களை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கியவன் நான். ஆனாலும் அச்சொல்லின் பூர்விகத்தை ஒருபோதும் தேடியதில்லை. வீடு திரும்பியதும் அகராதியை எடுத்தேன்.

'பிரீவ்' என்பது பழைய ஆங்கில வினை. அதன் முதற்பொருள் துக்கம் அன்று. கொள்ளையிடுதல், வலிந்து பறித்தல். ஜெர்மன் மொழியில் கொள்ளையிடுதலைக் குறிக்கும் 'ரௌபன்' அதன் உறவுச்சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ராப்' என்பதும் அதே குடும்பமே. நீதிபதி அணியும் 'ரோப்' என்ற அங்கிக்கும் அதுவே மூலம் என்பதுதான் வேடிக்கை: எதிரியிடம் உரிந்தெடுத்த ஆடை என்று தொடங்கிய சொல் அது!

இவ்வினைக்கு இறந்தகால எச்சம் இரண்டு உண்டு. சாவினால் உறவை இழந்தவர் 'பிரீவ்ட்'. நம்பிக்கை, ஆதரவு, உடைமை போன்றவற்றை இழந்தவர் 'பிரெஃப்ட்'. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து இரண்டும் அருகருகே வழங்கிப் பின்னர் இவ்வாறு பிரிந்தன. தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'இழ' என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்த 'இழவு' சாவு வீட்டுக்குப் போயிற்று. 'இழப்பு' கணக்கேட்டில் நின்றுவிட்டது.

ஆயினும் ஒரு வேறுபாடு. 'இழந்தான்' என்னும்போது வினை முழுவதும் இழந்தவன் தலையிலேயே விழுகிறது. எடுத்தவன் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. ஆங்கில வினையிலோ, நாட்பட மங்கியிருப்பினும், ஒரு கள்வன் ஒளிந்திருக்கிறான். நம்மிடமும் அத்தகைய சொல் இல்லாமலில்லை. கள்வரிடம் நகையைப் பறிகொடுத்தாள் என்கிறோம். காலனிடம் பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்றும் சொல்கிறோம்.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட இயலவில்லை. காரணம் அந்தத் தோட்டம்தான். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்து கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் வழித்தோன்றல்களை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்களைத் தந்த மக்களின் வாக்குரிமையை 1949இல் மற்றொரு சட்டம் நீக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். 1974இல் அவர்களும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. உயிரோடு இருப்பவர்க்காக ஒப்பாரி வைத்தவர்களை எந்த எச்சத்தில் சேர்ப்பது? அந்த ரயில் மேடையில் 'பிரீவ்ட்', 'பிரெஃப்ட்' என்ற பாகுபாட்டுக்கு இடமேது?

இத்தனையையும் நம் பத்திரிகைகள் பெரும்பாலும் 'குடியுரிமை இழந்த மக்கள்' என்றே எழுதிவந்தன, இன்றும் எழுதுகின்றன. சட்டம் இயற்றியவர்கள் ஆளும் அரசினர். அவர்கள் பெயர்கள் பதிவில் உள்ளன. அவ்வாறிருக்க, மழையில் குடையைத் தொலைத்தவர்போல மக்களை மட்டும் எழுவாயாக்குவது பிழையான தமிழ் மட்டுமன்று, பிழையான செய்தியுமாகும். 'பறிக்கப்பட்ட' என்று எழுதுவது உணர்ச்சிவசப்படுதல் என்பார்கள். இல்லை, நடந்தது அதுதான்.

அன்று இழவு வீட்டில், இறந்தவரின் தம்பியிடம் பேச்சுவாக்கில், "நீங்கள் பிரஜாவுரிமையை இழந்தது எந்த வயதில்?" என்று கேட்டுவிட்டேன்.

"தொலைச்சிருந்தா தேடியிருப்போமே ஐயா. புடுங்கிக்கிட்டாங்க" என்றார்.

வீட்டில் பழைய நறுக்குகளைப் புரட்டினேன். 'குடியுரிமை இழந்தோர்' என்ற தலைப்புகளில் மூன்று நானே இட்டவை.