கருவியைக் கேட்பது குற்றமா?

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, இன்று சற்று மனம் விட்டு எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

சில மாதங்களுக்கு முன்பு பள்ளி நிருவாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தேன். ஆசிரியர் அறையில் நான் பயன்படுத்தும் பழைய கணினியில், விண்டோசுக்குப் பதிலாக லினக்சு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள இசைவு வேண்டும் என்பதே அது. (இயங்குதளம் என்பது கணினியைத் திறந்ததும் விழித்தெழுந்து, மற்ற மென்பொருள்களை எல்லாம் இயக்குகின்ற அடிப்படை மென்பொருள்.) "எல்லாரும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள், சார். நமக்கு எதற்கு வீண் வேலை?" என்று மறுமொழி கிடைத்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. காரணம் சொல்லாமல் மறுத்ததில்தான் வருத்தம்.

நான் கேட்டது ஆடம்பரமா? அந்தக் கணினி முழுதாகத் திறக்க ஏழு நிமிடம் ஆகிறது. நம் பாடவேளையோ முப்பது நிமிடம். அதில் இருப்பது விண்டோசு 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 14.10.2025-உடன் முடிந்துவிட்டது. கட்டணம் செலுத்திச் சில காலம் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். விண்டோசு 11-க்கு மாறலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு இந்தப் பழைய கணினியில் இல்லை. ஆகவே, அடுத்த முடிவு என்னவாக இருக்கும்? "புதிதாக வாங்குவோம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும்!" உணவுச் சந்தைக்குப் பற்றுச்சீட்டு விற்று அம்மாக்கள் சேர்த்த பணம் அது.

இதே அகவையுடைய என் வீட்டுக் கணினி, லினக்சில் ஐந்து ஆண்டுகளாக நன்றாக ஓடுகிறது. உரிமக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஒரு விரலியில் ஏற்றி, கணினியின் வன்தட்டைத் தொடாமலேயே வெள்ளோட்டம் பார்க்கவும் வழியுண்டு. அதைக்கூட யாரும் பார்க்க முன்வரவில்லை.

நண்பர்கள் பிறகு தனியே சொன்ன தடைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. "தமிழ் தட்டச்சு செய்ய முடியாது."

முடியும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், ஒரு கணினியில் எழுதிய தமிழ் இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1999-இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இன்று லினக்சிலும் உண்டு, விண்டோசிலும் உண்டு.

2. "அமைச்சின் தளங்கள் திறக்காது."

அவற்றுள் நான் அன்றாடம் பயன்படுத்துபவை எல்லாம் உலாவியில் இயங்குபவை. 2020-இல் கல்வியமைச்சு தொடங்கிய டெலிமா தளத்திலேயே கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் என்ற மூன்று நிறுவனங்களின் சேவைகளும் இடம்பெற்றன. 2013 முதல் நம் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளில் விண்டோசா இருந்தது? லினக்சுக் கருவின்மேல் அமைந்த இயங்குதளம் அல்லவா இருந்தது? அன்று சிரிக்காதவர்கள் இன்று ஏன் சிரிக்கிறார்கள்?

3. "கோப்புகளின் அமைப்பு குலையும்."

இதில் உண்மை உண்டு. அட்டவணையும் படமும் நிறைந்த தேர்வுத்தாளை வேறு மென்பொருளில் திறந்தால் சில வேளை வரிகள் இடம் மாறும். எனவே அச்சுக்குப் போவதைப் பிடிஎப் கோப்பாக மாற்றித் தர வேண்டும். பலர் சேர்ந்து திருத்தும் கோப்புகளுக்கு விண்டோசுக் கணினி ஒன்று இருக்கட்டும். எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை.

4. "நீங்கள் மாற்றலாகிப் போனால் யார் பார்ப்பது?"

நியாயமான கேள்வி. கூட்டத்தில் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஒரு பக்கக் கையேடு எழுதி வைப்பதும், வேண்டாதபோது பழைய நிலைக்குத் திருப்பித் தருவதும் என் பொறுப்பு என்று அங்கேயே சொல்லியிருப்பேன்.

இது ஒரு தனிமனிதனின் கிறுக்குமன்று. மலேசியப் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அரசாங்கமே 2004-இல் அறிவித்தது. அலுவலகங்களில் இதைப் பற்றிப் பேசி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நமக்கு மட்டும் இன்னும் கேலிப்பொருள்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் வாங்காமல், யாரோ உடைத்துக் கொடுத்த மென்பொருளை நிறுவிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே அறவே இல்லையா? காலையில் நன்னெறிக் கல்விப் பாடத்தில் நேர்மையைப் போதித்துவிட்டு, மாலையில் திருட்டு மென்பொருளில் தேர்வுத்தாள் தயாரிப்பது எந்த வகை நெறி? இலவசமாகவும் முறையாகவும் கிடைப்பதைக் கேட்பவன் "வீண் வேலை" பார்ப்பவனாம்; களவாடிய மென்பொருளில் வேலையை முடிப்பவர் கெட்டிக்காரராம்!

ஆசிரிய நண்பர்களே, கேளுங்கள். ஆனால், "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று கேட்காதீர்கள். இப்போது எந்த வேலை தடைப்படுகிறது, மாற்றினால் என்ன நன்மை, என்ன இடர், பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கேளுங்கள். "விண்டோசு குப்பை" என்று வசைபாடி நம் தரப்பை நாமே கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நிருவாகத்தினரே, மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாதுகாப்பு, பராமரிப்பு, மேலிட உத்தரவு என எதுவாயினும் காரணத்தைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

பெற்றோர்களே, புதிய கணினிக்கு அடுத்த முறை நிதி கேட்டால், "பழையதை வேறு இயங்குதளத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நாள் பாடத்திட்டத்தில் உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று நாள்தோறும் எழுதுகிறோம். 'ஏன்' என்று கேட்கச் சொல்லி மாணவர்களைத் தூண்டுகிறோம். ஆசிரியர் ஒருவர் 'ஏன்' என்று கேட்டால் சிரிக்கிறோம். இதைப் பார்க்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

கடந்த திங்கட்கிழமை என் கோரிக்கையை மீண்டும் கொடுத்திருக்கிறேன். இம்முறை எழுத்தில், ஒரு மாத வெள்ளோட்டத்திற்கு மட்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டிருக்கிறேன். மறுமொழி வந்ததும் இங்கே எழுதுவேன்.