விளையாட்டு வீணன்று!

"அந்தப் பிள்ளையை விளையாட விட்டுக் காலத்தை வீணாக்குகிறீர்களே, டீச்சர்!" என்று கேட்போர்க்காகவே இதனை எழுதுகிறேன்.

மலாக்காவின் தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு நம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, கடைசி மேசையில் அமர்த்தி வண்ணந்தீட்டச் சொல்வது. மற்றொன்று, 'திடலில் விடுங்கள், தானே பழகிக்கொள்வான்' என்பது. இரண்டும் கைகழுவலே!

கட்டமைத்த விளையாட்டு வேறு. அதன் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விதிகள் சிலவாக இருக்க வேண்டும். இப்போது யார் முறை என்பதில் ஐயம் கூடாது. அடுத்து என்ன நிகழும் என்று தெரியாத நிலையே இப்பிள்ளைகளுள் பலரை அலைக்கழிக்கிறது. உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004-இல் வெளியிட்ட ஆய்வு லெகோ கட்டைகளைப் பற்றியது. படத்தைப் பார்த்துச் சொல்பவர், துண்டை எடுத்துத் தருபவர், கட்டுபவர் என ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவரின்றி மற்றவர் வேலை நடவாது. ஆகவே, பேசவேண்டிய தேவையை விளையாட்டே உண்டாக்குகிறது.

லெகோ வாங்கப் பணமில்லையா? நம் பல்லாங்குழி எங்கே போயிற்று? மலாய் அண்டைவீட்டார் ஆடும் சொங்காக் அதன் உறவுதானே! குழி தெரிகிறது, காய் குறைவது தெரிகிறது, முறை மாறுவதும் தெரிகிறது. புளியங்கொட்டை போதும், வாயில் போடும் பிள்ளையாயின் பெரிய புட்டிமூடிகளைக் கொடுங்கள்.

என் வகுப்பில் எவரோடும் பேசாதிருந்த மாணவன் ஒருவன், பல வாரங்களுக்குப் பின் பலகையைத் தோழியின் பக்கம் தள்ளி, "உன் முறை" என்றான். இதுவா வீண்?

'தேர்வு இருக்கிறதே' என்னும் சாக்கும் இனிச் செல்லாது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இலேயே நீக்கப்பட்டது. சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. கதவைத் திறந்துவிட்டு உள்ளே மூலையில் அமர்த்துவதும் மறுப்புதான்.

பெற்றோரே, விளையாட்டு ஆட்டிசத்தைப் போக்கும் மருந்தன்று. 'குணமாக்குவோம்' என்று பணம் கேட்பவரை நம்பாதீர். மருத்துவ மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர். ஆனால், நாள்தோறும் பத்து மணித்துளி, வீட்டில் பேசும் தமிழிலேயே, பிள்ளையோடு தரையில் அமருங்கள். அவன் விரும்பும் பொருளிலிருந்து தொடங்குங்கள். அவன் போதும் என்றால் நிறுத்துங்கள்.

ஆசிரியர்களே, நாளை அந்தக் கடைசி மேசையை முன்னே இழுத்துப் போடுங்கள். எதிரே இன்னொரு நாற்காலியையும் வையுங்கள்.