தோக்குக்குச் சத்தம் இருக்கட்டும்

குமரி மாவட்டத்துத் தடிக்காரன்கோணம் பக்கம் வாழையும் மரச்சீனியும் போட்டிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சமீபத்தில் வீட்டுக்கு வந்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுப்பன்னிகள் மரச்சீனியைக் கிளறிப் போட்ட வயிற்றெரிச்சல் அவருக்கு. "சார், நீங்க எங்களுக்கு பாயின்ட் டூ டூ ரைபிள் சுடச் சொல்லிக் குடுத்தவருல்லா. அதுல ஒரு சைலன்சர மாட்டினா பன்னிக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். என்சிசி பொறுப்பும் என்னிடம் இருந்தது. அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சைலன்சர் என்பது அறை அறையாகத் தடுத்த ஒரு குழாய். அமெரிக்கர் ஹிராம் பெர்சி மாக்சிம் 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குண்டுக்குப் பின்னால் பீறிவரும் சூடான வாயு அந்த அறைகளில் விரிந்து, வேகம் குறைந்து வெளியேறுகிறது. சத்தம் 20, 30 டெசிபல் வரை குறையும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் காற்றில் அது எழுப்பும் வெடிப்பொலியை எந்தக் குழாயும் தடுக்காது. நம்மூர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர்; வேகம் கூடிய பாயின்ட் டூ டூ குண்டு 380ஐத் தொடும். சினிமாவில் கேட்கும் 'புஸ்' என்ற ஓசை சினிமாவுக்கு மட்டும்.

நியூசிலாந்திலும் நார்வேயிலும் இதைக் கடையில் வாங்கலாம். சுடுகிறவரின் காதுக்கும் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்கும் மரியாதை என்று அங்கே கருதுகிறார்கள். பாயின்ட் டூ டூவுக்கு வாங்குவோர் முதலில் பார்ப்பது அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா என்பதைத்தான். இந்தக் குண்டுக்குப் பெரும்பாலும் செம்பு உறை கிடையாது. மெழுகோ கிரீஸோ பூசிய வெறும் ஈயம். சுடச்சுட ஈயமும் கரியும் அறைகளில் படிந்து இறுகும். என்சிசியில் சுட்டு முடித்ததும் புல்-த்ரூ கயிற்றில் துணி கோத்துக் குழலை இழுத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியும். சைலன்சருக்குள் அது பல மடங்கு. அதைக் கரைக்க வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் உண்டாகும் ஈய அசிடேட் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'துப்பாக்கி' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையும் சேர்த்திருக்கிறது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு சிறை. இந்தக் கண்டிப்பு சரி என்றே நான் நினைக்கிறேன்.

சைலன்சர் மாட்டிய பாயின்ட் டூ டூ பன்னிக்கும் உதவாது. பாயின்ட் டூ டூ குண்டின் ஆற்றல் சுமார் 150 ஜூல். தடித்த தோலும் கொழுப்பும் கொண்ட பன்னி உடனே விழாது. காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும், அல்லது மறுநாள் புல்லறுக்க வருகிறவரை முட்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்னியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டியே கிடக்கும் மலையடிவாரத் தோட்டங்களுக்கு இதனால் பலனில்லை என்று அந்த மாணவர் சொன்னது நியாயம். அவர்களுக்கு வேண்டியது சூரியசக்தி வேலியும் தாமதமில்லாத இழப்பீடும். அதைக் கேட்டுப் போராடினால் நானும் கூட நிற்பேன்.

என் கவலை மலையில் மட்டுமில்லை, குளத்திலும் இருக்கிறது. சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நாமக்கோழியும் அங்கே வயலோரமாக மனிதர்களுக்குப் பக்கத்திலேயே மேய்கின்றன. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டாம். பன்னியை அது ஒன்றும் செய்யாது; ஒரு கொக்கைக் கொல்ல அது தாராளம். அதிலும் சத்தம் குறைந்தது என்று சொல்லி விற்பதை வாங்கி வந்தால், குளக்கரையில் நடப்பது பக்கத்து வயலில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. வெடிச்சத்தம் கேட்டால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். காவலுக்கு ஆள் குறைந்த நம் குளங்களுக்கு அந்த நாலு பேர்தான் பாதுகாப்பு. சைலன்சர் அவர்களைத்தான் முதலில் அப்புறப்படுத்துகிறது.

காதைப் பற்றிய வாதத்தை நான் தள்ளவில்லை. பாயின்ட் டூ டூ ரைபிளின் சத்தமே சுமார் 140 டெசிபல். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல்முனைப் பக்கம் இருக்கும். என் இடது காதில் இன்றும் ஓயாத ரீங்காரம். இது வராமல் தடுக்கும் வழி, சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பான். ரேஞ்சில் படுக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற ஒவ்வொரு விவசாயிக்கும் அது கிடைக்க வேண்டும்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் லும்டுங் கிராமத்தில் ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. வேட்டையே வாழ்க்கைமுறையாக இருந்த மலைக்கிராமங்களில் 2,000க்கும் மேற்பட்ட ஏர்கன்களை மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். வழக்கு இல்லை, மிரட்டல் இல்லை. வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலத்துக்கு முன்பாக, மாவட்ட ஆட்சியரும் வனத்துறையும் தேரூர், சுசீந்திரம், மணக்குடி, புத்தளம் ஊர்களில் இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை கேட்கிறான் என்று ஏர்கன் வாங்கிக் கொடுக்காதீர்கள். சுடத்தான் ஆசை என்றால் என்சிசியிலோ ரைபிள் கிளப்பிலோ சேர்த்துவிடுங்கள்.