அம்மாவின் நெஞ்சுவலியையும் கேளுங்கள்

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஆணுக்கு நெஞ்சு அடைத்தால் உடனே மதுரைக்குக் கார் பிடிப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கென்றால் வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர்தான். ஆனால் அந்த வயதில் பெண்ணின் இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறுகிறது. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. பரம்பரையாக வருவதில் அதிகம் பேசப்படாதது, மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் லிப்போபுரோட்டீன்-ஏ. 1963இல் நார்வே விஞ்ஞானி கோரே பெர்க் கண்டறிந்த கொழுப்புத் துகள் இது. அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரே மரபணு. நடைப்பயிற்சியால் அது பெரிதாக இறங்காது, பால்கோவாவைத் துறந்தாலும் இறங்காது (சர்க்கரை உள்ளவர்கள் இதைச் சாக்காகக் கொள்ள வேண்டாம்). மாதவிடாய் நின்றபின் சற்று உயரவும் செய்யும். ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குச் சராசரியாகவே கூடுதல். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் அது 50 மில்லிகிராமைத் தாண்டினால் எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் இன்னும் கறாராகக் கட்டுப்படுத்த வேண்டும். மரபணுவை மாற்ற முடியாதுதான். அதற்காக அதன் அளவைப் பார்க்காமலே இருப்பது அலட்சியம். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வருகிறவர்கள் "உங்க அம்மாவுக்கு, அக்காவுக்கு நெஞ்சுவலி வந்ததா?" என்றும் கேட்கட்டும், ஆம் என்பவர்களுக்கு லிப்போபுரோட்டீன்-ஏ ரத்தப் பரிசோதனையை ஒருமுறையாவது அரசு இலவசமாகச் செய்து தரட்டும்.