டயாலிஸிஸ் மட்டும் போதுமா?

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சென்னை நிபுணர்களுடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. இது பங்களாவாசிகளின் வியாதி என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. தாராவி தோல் பட்டறையில் நிற்கும் தொழிலாளியும், மாட்டுங்காவில் ரயில் ஏறி ஆபீஸ் போகும் கிளார்க்கும் இந்தக் கணக்கில் அடக்கம். இவர்களில் கணிசமானோரை, பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அது சிறுநீரகக் கோளாறில் கொண்டுபோய் விடுகிறது.

மத்திய சர்க்கார் இதை அறியாமலில்லை. 2016 பட்ஜெட் உரையில் நிதி மந்திரி அருண் ஜேட்லி, ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். டயாலிஸிஸ் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், வருஷத்துக்கு 3 லட்சத்துக்கு மேல் என்றும் அவரே கணக்குக் கொடுத்தார். அதை ஒட்டி வந்த தேசிய டயாலிஸிஸ் திட்டத்தில், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இயந்திரங்கள் வைக்கப்பட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவச சிகிச்சை தரப்படுகிறது. நல்ல காரியம்தான். எத்தனையோ குடும்பங்கள் தாலியை அடகு வைக்காமல் தப்பின.

ஆனால் இயந்திரம் கடைசிப் படி. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் அதில் படுத்திருப்பவர் எந்தப் பட்டறையில் வேலை பார்க்க முடியும்? சிகிச்சை இலவசம், கூலி போனது போனதுதான். முதல் படியில் செலவு சொற்பம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால், வியாதி தலைகாட்டும்போதே தெரிந்துவிடும். நம்மவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் பார்த்து, 'நார்மல்' என்றதும் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். பாதிச் சிறுநீரகம் பழுதான பிறகே பெரும்பாலும் அந்த எண் ஏறத் தொடங்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இதற்கிடையே மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் வேறு.

மருந்தும் இல்லாமலில்லை. புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகள் 1990-களிலிருந்தே உண்டு. சர்க்கரைக்கென வந்த 'குளிஃப்ளோஸின்' வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்பது 2019-க்குப் பின் வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. அவற்றில் எம்பாகுளிஃப்ளோஸின் ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் போட்டிக்கு வந்து, விலை பல மடங்கு இறங்கியது. இதை யாருக்கு, எந்த அளவில், எப்போது கொடுப்பது என்று சொல்லத்தான் சிறுநீரக நிபுணர் வேண்டும். அவரோ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நோயாளி அவரை முதன்முதலாகப் பார்ப்பது, கால் வீங்கி, மூச்சுத் திணறி, ஸ்டிரெச்சரில் வரும்போதுதான். பேட்டை டிஸ்பென்சரியிலேயே ஆல்புமின் சோதனையும், கோளாறு கண்டால் நிபுணரிடம் போகச் சீட்டும் கொடுப்பதற்கு எத்தனை கோடி வேண்டும்?

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை காகிதத்தில் இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தை எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்க 2023-ல் முடிவாயிற்று. ஆனால் இந்த மாநில ரேஷன் கார்டோ, குடியிருப்புச் சான்றோ வேண்டும். கார்டு திருநெல்வேலியில், ஆள் தாராவியில் என்றால் என்ன செய்வது? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் சிகிச்சை செல்லும். மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்களுக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது. ஊர் கார்டுக்கு இங்கே அரிசி, கோதுமை வாங்கலாம் என்று ஏற்பாடு செய்த சர்க்கார், டயாலிஸிஸுக்கும் அதைச் செய்வதில் என்ன தடை என்று விளங்கவில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் உள்ளவர்கள் நிலை தேவலை. 2017-லிருந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை அதில் சேர்ந்தார்கள். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளது. தொடர்ந்து இரண்டு ஆண்டு வேலையில் இருந்து, சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா என்று வியாதி வருமுன் விசாரிப்பது அவசியம். காண்டிராக்டரிடம் வேலை செய்பவர்கள் இதில் ஏமாறுவது அதிகம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிய, சில மாநிலங்கள் தம் குடிமக்களுக்கே முன்னிடம் என்று குடியிருப்புச் சான்று கேட்டு வந்தன. அந்த நிபந்தனையையும் பதிவுக் கட்டணத்தையும் கைவிடும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2023-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நோயாளி எந்த மாநிலத்திலும் பதியலாம், 65 வயது வரம்பும் இல்லை என்றும் அறிவித்தது. எனவே 'நீ வெளி மாநிலத்தான்' என்று யாராவது கவுண்டரில் திருப்பி அனுப்பினால், அதற்குக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்கலாம்.