அச்சத்தை அளந்தால் போதுமா?

பிறமொழி பயிலும் மாணவனின் நெஞ்சில் எழும் அச்சத்தையும் எண்ணால் அளக்கலாம் என்கிறது இக்காலக் கல்வியியல். அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்ந்தோரும் 1986-ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டனர். அதில் 33 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் முழு உடன்பாடு முதல் முழு மறுப்பு வரை ஐந்து விடைகள். கூட்டினால் 33 முதல் 165 வரை ஏதேனும் ஓர் எண் கிட்டும். எண் ஏற ஏற அச்சமும் மிகும் என்பது பொருள்.

அச்சம் உண்மையானது என்று உலகுக்குக் காட்டியமைக்காக அவர்களைப் பாராட்டுகிறேன். அமெரிக்காவில் அரபு பயில்வோரிடையே நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வொன்றும், அச்சம் மிகுந்தோர் கேட்டுணரும் திறனில் பின்தங்குவதைக் கண்டது.

எனினும், அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "இவன் அச்சம் மிகுந்தவன், இவனுக்கு மொழி வாராது" என்று தீர்ப்பெழுதும் போக்கை மறுக்கிறேன். அச்சத்தால் மொழி வரவில்லையா? மொழி வராததால் அச்சமா? ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்னும் ஆய்வாளர் இருவர் 1991-லேயே இவ்வினாவை எழுப்பினர். கூட்டுத்தொகை இதற்கு விடை சொல்லாது. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது.

ஒரு காரணத்தை நான் அறிவேன். ஏனெனில், நானே அக்காரணமாக இருந்திருக்கிறேன். 'ஐன்' என்னும் எழுத்தின் ஒலி தமிழில் இல்லை. அது தொண்டையின் நடுவிலிருந்து எழவேண்டும். ஒரு சிறுவன் அதனை 'அ' என்றே ஒலித்தான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு பிரம்பையும் எடுத்தேன். அன்று முதல் ஓதும்போது அவன் உதடு மட்டுமே அசைந்தது. ஆண்டு முடியுமுன் மத்ரஸாவை விட்டே நின்றுவிட்டான். அவனிடம் அந்த 33 கூற்றுகளை நீட்டியிருந்தால் பெரிய எண் வந்திருக்கும். அந்த எண் அவனுடையதா, என்னுடையதா?

"பயம் இருந்தால்தான் படிப்பு ஏறும்" என்பார் நம்மிடையே உண்டு. தேர்வுக்கு முன் எழும் சிறு பதற்றம் விழிப்பூட்டலாம், மறுப்பதற்கில்லை. ஆனால், நகைப்புக்கு அஞ்சுபவன் வாய் திறப்பதில்லை; வாய் திறவாதவனுக்குப் பேச்சு கைகூடுவதில்லை. திக்கித் திணறி ஓதுவோருக்கு இரு கூலி உண்டென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றிருக்க, அத்திணறலுக்கு அடி கொடுக்க நமக்கு உரிமை ஏது? நெஞ்சு நெருக்குவதையும் நா ஓடாமையையும் இறைவனிடம் முறையிட்ட நபி மூஸா (அலை) அவர்களுக்குத் தண்டனையா கிடைத்தது? துணையாக ஹாரூன் (அலை) அவர்கள் அல்லவா கிடைத்தார்கள்!

ஆகவே, அளப்பவர்கள் அளக்கட்டும். ஆனால், அந்த எண்ணை மாணவன் பெயருக்கு நேரே எழுத வேண்டாம். பாடம் நடத்தும் எங்கள் பெயருக்கு நேரே எழுதட்டும். எவ்வகுப்பில் அச்சம் மிகுந்துள்ளதோ, அங்கே பாடமுறை மாறட்டும். பிள்ளைகள் இருவர் இருவராக ஓதிப் பழகட்டும். பிழைகள் தனியே திருத்தப்படட்டும்.

பெற்றோர்களே! "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "உஸ்தாதிடம் சந்தேகம் கேட்க முடிகிறதா?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். 'இல்லை' என அவன் தலையசைத்தால், மறுநாளே மத்ரஸாவுக்கு வந்து எங்களிடம் காரணம் கேளுங்கள். பதில் சொல்லும் கடமை எங்களுடையது.