வாலழகும் நடையழகும்

மோட்டார் வண்டிப் பிரியர் இருவர் கூடினால் வாதத்துக்குக் குறைவிராது. மாதுங்காவிலும் செம்பூரிலும் நாம் கேட்டுப் பழகிய வழக்கு ஒன்றுண்டு: பத்மினி சிறந்ததா, அம்பாசிடர் சிறந்ததா?

பத்மினி கட்சியார் முதலில் அதன் பின்புறத்தையே காட்டுவர். இருபக்கமும் சிறு துடுப்புகள் எழுந்து நிற்கும். போர் விமானத்தின் வாலைக் கண்டு 1948-ல் அமெரிக்கக் காடிலாக் தொடங்கிவைத்த நாகரிகம் அது. இத்தாலியப் பியட் வழியாக நம் குர்லாத் தொழிற்சாலையை வந்தடைந்தது. அம்பாசிடர் கட்சியாரோ, துடுப்பு வெறும் ஒப்பனை என்பர்; உருண்டு திரண்ட உடலே குடும்பத்துக்கு இடம் தரும் என்பர்.

ஒப்பனை என்பது உண்மையே. நகர வீதியின் வேகத்தில் துடுப்பால் ஆவது ஒன்றுமில்லை. ஆயின் வண்டியின் நடை வேறு செய்தி. பத்மினி எடை குறைந்தது. 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்டது. தாராவியின் நெருக்கடியில் ஒதுங்கித் திரும்ப அவ்வடக்கமே உதவிற்று. குண்டும் குழியுமான நெடுவழியிலோ அம்பாசிடரின் கனமே சுகம். ஆகவே இரு கட்சியும் மெய்யே, சாலைதான் வேறு.

டாக்சியாகப் பதிவான கடைசிப் பத்மினி, இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. ஊரிலிருந்து வந்த நம்மவரின் பெட்டி படுக்கைகளைக் கூரைமேல் சுமந்த வண்டி அது. குர்லாவில் பிறந்த அவ்வண்டிகளுள் ஒன்றையேனும் இந்நகரம் பேணிக் காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. வாதிடுவதற்கேனும் வண்டி எதிரே நிற்க வேண்டாமா?